பஞ்சாங்கமும் பாயிண்ட்ஸ் டேபிளும்

பதிவு கொஞ்சம் நீளம். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதீர்கள். உட்கார இடம் கிடைத்ததும் படியுங்கள்.

சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் படிக்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பிறக்கும் வருஷத்துக்கு ராஜா யார், மந்திரி யார், சேனாதிபதி யார் என்று வாசிப்பார்கள். பிறகு மேகாதிபதி, சஸ்யாதிபதி, தான்யாதிபதி என்று வரிசையாக ஒன்பது பதவிகள். சூரியனில் ஆரம்பித்து சனி வரை ஆளுக்கொரு பொறுப்பு. குறிப்பிட்ட நாள் எந்தக் கிழமையில் விழுகிறது என்பதை வைத்தே பதவி கிடைக்கும். அப்புறம் மழை: இத்தனை மரக்கால், அதில் கடலில் இத்தனை பாகம், மலையில் இத்தனை, பூமியில் இத்தனை. பானகத்தை வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவோம். மறு வருஷம் பங்குனியில் யாராவது போன வருஷப் பஞ்சாங்கத்தை எடுத்து, "சொன்னபடி பெய்ததா?" என்று பார்த்திருக்கிறார்களா? நான் பார்த்ததில்லை.

2008 ஏப்ரல் 18 முதல் நமக்கு இன்னொரு பஞ்சாங்கமும் சேர்ந்துகொண்டது. அன்றைக்குத்தான் பெங்களூரில் ஐ.பி.எல். தொடங்கியது. அதிலும் ராஜா உண்டு, கோப்பை. சேனாதிபதிகள் உண்டு, அதிக ரன்னுக்கு ஆரஞ்சுத் தொப்பி, அதிக விக்கெட்டுக்கு ஊதாத் தொப்பி. ஒவ்வொரு மார்ச்சிலும் நம் பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களில் இதே பேச்சு. முதல் நாலு யார், கடைசி யார், தொப்பி யாருக்கு? டி.வி.யில் கோட்டு போட்டவர்கள் சொல்கிறார்கள், டீக்கடையில் கைலி கட்டியவர்கள் சொல்கிறார்கள். சொன்னது பலித்ததா என்று மே மாதக் கடைசியில் திரும்பிப் பார்ப்பவர்கள்தான் குறைவு. நான் வரலாற்று வாத்தியார், திரும்பிப் பார்ப்பதுதான் நான் பார்த்த வேலை. எனவே 2008 முதல் 2025 வரை 18 சீசன்களையும் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன்.

முதல் சீசனிலிருந்தே வேடிக்கை. எட்டு அணிகளில் மும்பைதான் அதிக விலைக்குப் போனது, சுமார் 11.2 கோடி டாலர். மிகக் குறைந்த விலை ராஜஸ்தான், 6.7 கோடி டாலர். ராஜஸ்தானை யாரும் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. முதல் ஆட்டத்தில் டெல்லியிடம் 9 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றதும், "நாங்கதான் சொன்னோமே" என்றார்கள். ஷேன் வார்ன் அந்த அணியை 14 ஆட்டத்தில் 11 ஜெயிக்க வைத்து, பட்டியலில் முதலிடம் பிடித்து, இறுதி ஆட்டத்தில் நம் சென்னையைக் கடைசிப் பந்தில் தோற்கடித்தார். ஊதாத் தொப்பி அந்த அணியின் பாகிஸ்தான் வீரர் சோகைல் தன்வீருக்கு, 22 விக்கெட். அடுத்த வருஷமும் தொப்பி அவருக்கே என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. அதன்பின் பாகிஸ்தான் வீரர்கள் ஐ.பி.எல்.லில் ஆடவேயில்லை. எந்த நிபுணர் இதைக் கணக்கில் சேர்த்திருக்க முடியும்?

2008-இல் எட்டாவது இடம், அதாவது கடைசி இடம், டெக்கான் சார்ஜர்ஸ். 2009-இல் பாராளுமன்றத் தேர்தல் வந்ததால் போட்டியைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கில்கிறிஸ்ட் தலைமையில் கோப்பையைத் தூக்கியது அதே டெக்கான். 2010-இல் நம் சென்னை நடுவில் வரிசையாகத் தோற்று, கடைசி லீக் ஆட்டத்தில் தர்மசாலாவில் தோனி அடித்த அடியில் கரையேறியது. நாலு அணிகள் 14 புள்ளியில் நின்றன. ரன் ரேட்டில் முந்தி, கடைசியில் கோப்பையும் வாங்கினோம். 2011-இல் ஏலத்தில் எவரும் எடுக்காத கிறிஸ் கெயில், காயம்பட்ட ஒருவருக்கு மாற்றாகப் பாதியில் வந்து 608 ரன் அடித்து ஆரஞ்சுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். சீசன் தொடங்கும்போது அவர் பெயர் எந்த அணியின் பட்டியலிலும் இல்லை. பந்தியில் உட்காராதவருக்குப் பாயசம் கிடைத்த மாதிரி.

இப்போது என் நோட்டில் உள்ள கணக்கு. லீக் ஆட்டங்கள் முடிந்து பட்டியலில் முதலிடத்தில் இருந்த அணி கோப்பையையும் ஜெயித்தது 18-இல் 6 முறைதான்: 2008, 2017, 2019, 2020, 2022, 2024. இரண்டாமிடத்தில் இருந்த அணி ஜெயித்தது 9 முறை. மூன்றாமிடம் 2, நான்காமிடம் 1. முதலிடத்தைவிட இரண்டாமிடம் ராசியானது என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், 18 என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. அதை வைத்து ராசி பார்க்கக் கூடாது. ஆனால் ஒன்று தெரிகிறது. பட்டியலைச் சரியாகச் சொல்லிவிட்டாலும் கோப்பையைச் சொன்னதாக ஆகாது.

தொப்பிகளின் கதை இன்னும் விசித்திரம். ஆரஞ்சுத் தொப்பிக்காரர் இருந்த அணி கோப்பை வென்றது இரண்டே முறை, 2014-இல் உத்தப்பா கொல்கத்தாவுக்கு, 2021-இல் ருதுராஜ் நமக்கு. 2016-இல் கோலி 973 ரன் அடித்தார், இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை. கோப்பை ஹைதராபாத்துக்குப் போனது. ஊதாத் தொப்பி கொஞ்சம் தேவலை, மூன்று முறை.

ஒரே அணியில் இரண்டு தொப்பியும் இருந்தால்? கேட்டால் யாரும், "அப்புறம் என்ன, கோப்பை அவங்களுக்குத்தான்" என்பார்கள். அப்படி ஐந்து முறை நடந்திருக்கிறது. ஐந்திலும் அந்த அணி கோப்பையை வாங்கவில்லை. முதல் முறை அடி வாங்கியது நாம்தான். 2013-இல் ஹஸ்ஸி 733 ரன், பிராவோ 32 விக்கெட், பட்டியலிலும் முதலிடம், எல்லாம் சென்னை. கொல்கத்தாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மும்பையிடம் 23 ரன்னில் தோற்றோம். 2017-இல் ஹைதராபாத், 2022-இல் ராஜஸ்தான். 2023-இல் குஜராத்துக்கு கில்லின் 890 ரன், ஷமியின் 28 விக்கெட், முதலிடம். அச்சு அசலாக 2013-இன் சென்னை மாதிரி. அந்த முறை இறுதியில் எதிரே நின்றது நாம். கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்தது உங்களுக்குத் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. 2025-இல் மறுபடியும் குஜராத், சாய் சுதர்சன் 759 ரன், பிரசித் கிருஷ்ணா 25 விக்கெட். எலிமினேட்டரோடு வீட்டுக்குப் போனார்கள்.

சாய் சுதர்சன் நம் தமிழ்நாட்டுப் பிள்ளை என்பதால் ஒரு வரி கூடுதலாக. 2022 ஏலத்தில் குஜராத் அவரை எடுத்தது 20 லட்சத்துக்கு. 2023-இல் டி.என்.பி.எல். ஏலத்தில் கோவை அணி கொடுத்தது 21.6 லட்சம், அதாவது ஐ.பி.எல்.லைவிட அதிகம். அதே வருஷம் இறுதி ஆட்டத்தில் நமக்கு எதிராக 47 பந்தில் 96. இந்தப் பையனை முன்கூட்டியே சரியாக எடைபோட்டது டி.வி.யில் பேசியவர்கள் அல்ல, நம்மூர்க்காரர்கள்தான்.

ஏன் இப்படித் தப்புகிறது? நிபுணர்களுக்கு விவரம் தெரியாமலா? அதை என் நண்பரிடம் கேட்டேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் அவர். ஒரு தாளை எடுத்துப் போட்டுக் காட்டினார். ஐ.பி.எல்.லில் ஓர் அணிக்கு லீக் ஆட்டங்கள் 14 (2012, 2013-இல் மட்டும் 16). பத்து அணிகளும் சரிசமம், ஒவ்வோர் ஆட்டமும் காசு சுண்டுவது போல என்று வைத்துக்கொள்வோம். 14 தடவை சுண்டினால் மொத்தம் 16,384 விதமாக விழலாம். அதில் 9 அல்லது அதற்கு மேல் தலை விழுவது 3,473 விதம். நூற்றுக்கு 21. அதாவது திறமையில் துளி வித்தியாசம் இல்லாத பத்து அணிகள் ஆடினாலும், சராசரியாக இரண்டு அணி 9 ஆட்டமோ மேலோ ஜெயித்து "இந்த வருஷம் அசைக்க முடியாத அணி" என்று பேர் வாங்கும். இரண்டு அணி 5 அல்லது அதற்குக் கீழே நின்று, பயிற்சியாளர் வேலையை இழப்பார். எல்லாம் காசின் வேலை. நிஜத்தில் திறமை வித்தியாசம் உண்டுதான். சென்னையும் மும்பையும் தலா 5 கோப்பை வாங்கியது காசு சுண்டி அல்ல. ஆனால் ஒரு வருஷப் பட்டியலில் எது திறமை, எது அதிர்ஷ்டம் என்று பிரித்துச் சொல்ல 14 ஆட்டம் போதாது.

நியூஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகன், "மாமா, இங்கே பேஸ்பாலுக்கு இதை ஒரு தொழிலாகவே செய்கிறார்கள்" என்பான். உண்மைதான். அங்கே ஓர் அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டம். நம் 14-க்கு 9 என்ற விகிதத்தில் ஜெயிக்க வேண்டுமானால் 104 ஆட்டம் வேண்டும். வெறும் காசு சுண்டி அதை எட்டுவது பத்தாயிரத்தில் இரண்டு தடவை நடக்கலாம் என்றார் நண்பர். ஆக, அங்கே கணிப்புக்குக் கொஞ்சம் தரை கிடைக்கிறது. நேட் சில்வர் என்பவர் பெக்கோட்டா என்று ஒரு முறையை உருவாக்கினார். 2003-இல் வெளிவந்தது. ஒரு வீரர் அடுத்த வருஷம் எப்படி ஆடுவார் என்று சொல்ல, அதே வயதில், அதே உடல்வாகில், அதே மாதிரி ஆடிய பழைய வீரர்களைத் தேடி, அவர்களுக்கு என்ன ஆனது என்று பார்ப்பது. வரலாற்று வாத்தியாருக்குப் பிடித்த வழி! 2007-இல் 162-இல் 66 மட்டுமே ஜெயித்த டாம்பா பே அணி, 2008-இல் 90-ஐ ஒட்டி ஜெயிக்கும் என்று அது சொன்னது. சிரித்தார்கள். 97 ஜெயித்து இறுதித் தொடருக்கே போனது அந்த அணி. நம் ராஜஸ்தான் ஜெயித்த அதே 2008. ஆனால் பரிசு விஷயத்தில் அங்கேயும் தடுமாற்றம்தான். அங்கே சிறந்த ஆட்டக்காரர் விருதும் சிறந்த பந்து எறிபவர் விருதும் பத்திரிகை எழுத்தாளர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுப்பவை. ஆட்டத்தை மட்டுமல்ல, எழுத்தாளர்களின் மனசையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். நம் தொப்பிகளில் அந்தத் தொல்லை இல்லை. எண்ணினால் போதும்.

இனி 2018. தஞ்சாவூர்க்காரன் ஐ.பி.எல். வரலாறு எழுதினால் இந்த வருஷத்தை இரண்டு பத்தியில் தாண்ட முடியாது.

சூதாட்ட விவகாரத்தில் இரண்டு வருஷம் வெளியே இருந்து சென்னை திரும்பிய வருஷம் அது. ஜனவரி ஏலத்தில் எடுத்த ஆட்களைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. முப்பதைத் தாண்டியவர்கள் அத்தனை பேர். தோனிக்கு 36, வாட்சனுக்கு 36. அப்பாக்கள் அணி என்று பேர் வைத்தார்கள். அதே நேரத்தில் இங்கே என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் காவிரித் தீர்ப்பைக் கொடுத்தது. நடுவர் மன்றம் 2007-இல் 192 டி.எம்.சி. என்று சொன்னதை 177.25 ஆகக் குறைத்தது. ஆறு வாரத்தில் செயல்திட்டம் வேண்டும் என்றது. மார்ச் மாதக் கடைசியில் கெடு முடிந்தது, மேலாண்மை வாரியம் வரவில்லை. டெல்டா முழுக்க மறியல். ஏப்ரல் 10-ஆம் தேதி சேப்பாக்கத்தில் கொல்கத்தாவோடு ஆட்டம். "தண்ணி இல்லாத ஊரில் என்ன ஆட்டம்?" என்று வெளியே போராட்டம், உள்ளே மைதானத்தில் செருப்பு வந்து விழுந்தது. 202 ரன்னைத் துரத்தி ஒரு பந்து மீதம் வைத்து சென்னை ஜெயித்தது. ஆனால் அதன்பின் மிச்சமிருந்த ஆறு உள்ளூர் ஆட்டங்களும் புனேவுக்குப் போய்விட்டன. ரசிகர்கள் தனி ரயில் ஏறிப் போனார்கள்.

ஒரு வீட்டுக்குள்ளேயே சண்டை நடந்த காலம் அது. பூதலூர்ப் பக்கம் என் மைத்துனர் வீட்டில் அப்பா மறியலுக்குப் போய் வந்து காலைக் கழுவுகிறார், பிள்ளை மஞ்சள் சட்டையோடு டி.வி. முன்னால். யார் சரி என்று என்னைக் கேட்டார்கள். போராடியவர்களின் கோபம் நியாயமானது, ஆட்டக்காரர்கள் மேல் செருப்பு விழுந்தது நியாயமில்லை என்பது அன்றைக்கும் இன்றைக்கும் என் கருத்து. சேப்பாக்கத்தில் விளக்கு எரிந்ததால் மேட்டூரில் ஒரு அங்குலமும் குறையவில்லை. ஆனால் நாடு முழுக்க ஆட்டம் பார்த்தவர்களுக்குக் காவிரி என்ற பெயர் அன்றைக்குத்தான் காதில் விழுந்தது என்பதும் நிஜம்.

சொந்த மைதானம் இல்லாமல், வயசான ஆட்களை வைத்துக்கொண்டு, அந்த அணி மே 27-இல் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. வாட்சன் முதல் பத்துப் பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. முடிக்கும்போது 57 பந்தில் 117, ஆட்டமிழக்கவில்லை. கோப்பை சென்னைக்கு. ஐந்தே நாளில், ஜூன் 1-இல், காவிரி மேலாண்மை ஆணையத்துக்கான அறிவிப்பு வந்தது. குடகில் மழை கொட்டியது. ஜூலை 19-இல் மேட்டூர் திறந்தார்கள், அதே மாதத்தில் அணை 120 அடியைத் தொட்டது. ஏப்ரலில் இதை யாராவது சொல்லியிருந்தால் அவரைக் கும்பகோணம் வெற்றிலை வைத்துக் கும்பிட்டிருப்போம்.

அத்தோடு நின்றிருந்தால் கதை. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் உடைந்தன. ஆறு நிறையத் தண்ணீர் கடலுக்குப் போக, கடைமடையில் வாய்க்கால் வறண்டு கிடந்தது. நவம்பர் 16 விடியற்காலையில் கஜா. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்த காட்சியை நான் விவரிக்கப் போவதில்லை, உங்களில் பாதிப் பேருடைய தோப்பு அது. அந்த வருஷத்துக்கு மேகாதிபதி யார் என்று பஞ்சாங்கத்தில் போட்டிருந்தார்களோ, எனக்கு ஞாபகமில்லை.

மேட்டூர் திறப்பே நமக்குப் பெரிய கணிப்பு அல்லவா? ஜூன் 12 என்று தேதி வைத்திருக்கிறோம். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷமும் அந்தத் தேதியில் திறக்கவில்லை. 2022-இல் மே 24-இலேயே திறந்தார்கள். குறுவைக்கு விதை வாங்குபவன் ஒவ்வொரு வருஷமும் ஒரு பந்தயம் கட்டுகிறான். வேறு வழியில்லாமல் கட்டுகிறான்.

வழி இருந்தும் கட்டிய ஒருவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். பெயர் சொல்ல மாட்டேன், ஊரும் சொல்ல மாட்டேன். என்னிடம் படித்தவன். சம்பா அறுவடை முடிந்து, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் வங்கிக் கணக்குக்கு வரும் நேரமும் ஐ.பி.எல். தொடங்கும் நேரமும் ஒன்று என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மார்ச் மாதம். வருஷத்தில் நம் பக்கத்து ஆள் கையில் காசு இருக்கும் ஒரே மாதம். கைப்பேசியில் அணி தேர்வு செய்து பணம் கட்டும் ஆட்டத்தில் முதலில் 49 ரூபாய், அப்புறம் ஐந்நூறு, அப்புறம் ஆயிரங்கள். ஒரு சீசனில் ஒன்றரை லட்சம் போனது. குத்தகை பாக்கி, மனைவியின் வளையல் அடகில். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டைக் காட்டினான். ஒவ்வொரு ஆட்டக்காரரின் ஸ்கோர், எந்த மைதானம், யார் பந்துவீச்சு, எல்லாம் பத்தி பிரித்து, கோடு போட்டு, அவ்வளவு அழகு. பானிப்பட் போர்களின் வருஷத்தை எழுதச் சொன்னபோது இந்தக் கையெழுத்து எங்கே போயிருந்தது என்று கேட்டேன், அந்த நிலையிலும் சிரித்தான். "கணக்கு சரியாத்தான் சார் இருந்துச்சு" என்றான். சரியாகவே இருந்திருக்கலாம். ஒரு பத்தி மட்டும் அந்த நோட்டில் இல்லை. தான் சொன்னது எத்தனை முறை தப்பியது என்ற பத்தி.

அவனுடைய அப்பா அறுப்புக்கு முன்னால் வரப்பில் ஒரு சுற்று நடந்து, ஒரு கதிரை உருவிப் பார்த்து, மாவுக்கு இத்தனை மூட்டை என்று சொல்வார். ஒன்று கூடும், ஒன்று குறையும், அவ்வளவுதான். எப்படி? ஐம்பது வருஷம் சொல்லி, ஐம்பது வருஷமும் களத்தில் கண்டுமுதல் அளந்து பார்த்திருக்கிறார். தப்பினால் அதே வாரத்தில் தெரிந்துவிடும். வேளாண்மைத் துறையினர் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடைபோடுவதும் அதே காரணத்துக்குத்தான், கண் சொல்வதைத் தராசில் வைத்துப் பார்ப்பது. அப்பாவின் நிலத்தை வாங்கிக்கொண்ட பிள்ளை அந்தத் தராசை வாங்கிக்கொள்ளவில்லை.

சட்டத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2017-இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம், இப்படி அணி தேர்வு செய்யும் ஆட்டம் திறமையைச் சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்றது. நம் தமிழ்நாட்டுச் சட்டம் 2023 ஏப்ரலில் வந்தது. அதே நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மியையும் போக்கரையும் மட்டும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் தடை போட்டது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கே அதோடு அடிபட்டுப் போயிற்று. செயலி நின்றது. டீக்கடைப் பந்தயம் நின்றதா என்று உங்கள் ஊரில் நீங்களே பாருங்கள். அந்த மாணவன் இப்போது கடனில் பாதியை அடைத்துவிட்டான், வளையல் இன்னும் வரவில்லை.

2025-ஐயும் நோட்டில் சேர்த்தாயிற்று. ஐந்து கோப்பை வாங்கிய சென்னை முதல்முறையாகக் கடைசி இடம், 14-க்கு 4. பதினெட்டு வருஷம் காத்திருந்த பெங்களூர் ஜூன் 3-இல் பஞ்சாபை 6 ரன்னில் வென்று முதல் கோப்பை. நடுவில் 14 வயசுப் பையன் வைபவ் சூர்யவன்ஷி 35 பந்தில் சதம். ஐ.பி.எல். தொடங்கும்போது அவன் பிறக்கவேயில்லை.

ரஞ்சிக் கோப்பை தனிக் கதை. 1954-55-இலும் 1987-88-இலும் வாங்கியதோடு சரி, மற்ற வருஷங்களில் எத்தனை இறுதி ஆட்டம் போய்த் திரும்பியிருக்கிறோம்! 2011-12-இல் சேப்பாக்கத்தில் ராஜஸ்தானிடம் தோற்றது உட்பட. மறுபடியும் ராஜஸ்தான், பாருங்கள். அதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். 1988-இல் தமிழ்நாடு ஜெயித்தபோது வெட்டி வைத்த செய்தித்தாள் யாரிடமாவது இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள்.